இலையோடு எழுந்தவர்கள்

கிருஷ்ணசாமி இறந்தபோது அஞ்சலாட்சிக்கு மிஞ்சியவை ஓர் ஓலைக்கூரை வீடும், அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போன ஒரு வேண்டுதலும்தான்.

அவன் நெல்லித்தோப்பில் குடியிருந்து ஆலை வேலைக்குப் போய்வந்தவன். பிறந்த ஊர் சேதராப்பட்டு. பிரெஞ்சுக்காரர் ஆட்சி இருந்தவரை இந்தியாவின் தேசிய கீதத்தை அவர்கள் தெருவில் யாரும் வாய்திறந்து பாடுவதில்லை. பாடியவர்களை ஆட்சிக்கு வேண்டியவர்களின் அடியாட்கள் தேடி வந்த காலம் அது. இரண்டு கல் நடந்து எல்லையைத் தாண்டினால் பள்ளிப்பிள்ளைகள் தினமும் பாடுகிற பாட்டு, இங்கே மட்டும் கதவுக்குப் பின்னால் இருந்தது.

அந்தக் கதவு குத்புதீனுடையது. அவர் ரேடியோ பழுதுபார்ப்பவர். கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். கடலூரில் ஒருவர் கொடுத்த இசைத்தட்டு ஒன்றை அரிசி மூட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து கிருஷ்ணசாமி வருவான். கடையின் பின்னறையில், கிராமபோன் மேல் கம்பளித் துணியைப் போட்டு மூடி, சத்தம் வெளியே போகாமல் இருவரும் நின்றபடி கேட்பார்கள். குத்புதீனின் கட்டைவிரல் ஊசிக்குப் பக்கத்திலேயே இருக்கும். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் தூக்கிவிடுவார். பாட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். அப்படியும் அவர்கள் அதை முழுசாகக் கேட்ட நாட்கள் குறைவு.

ஒருநாள் பாதியில் ஊசியைத் தூக்க வேண்டி வந்தபோதுதான் கிருஷ்ணசாமி சொன்னான்: "பாய், இந்தப் பாட்ட நம்ம தெருவுல கதவத் தொறந்து வச்சிக்கிட்டு முழுசாப் போடற காலம் வந்தா, நூறு பேருக்கு வயிறாரச் சோறு போடுவேன்."

ஐம்பத்துநாலாம் வருடம் நவம்பர் முதல் தேதி பிரெஞ்சுக்காரர் ஆட்சி போய் அந்தக் காலம் வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே, ஆடி மாதக் காய்ச்சலில், கிருஷ்ணசாமி போய்விட்டான்.

அன்று தெருவெல்லாம் கொடி கட்டிப் பாட்டுப் போட்டார்கள். அஞ்சலாட்சி வீட்டுக்குள் விளக்கேற்றி வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்து மூலையிலிருந்த பானையில் போட்டாள். அதன்பின் ஒருநாளும் தவறவில்லை. இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கிறவள் வீட்டில் ஒரு பிடி என்பது சில நாட்களில் அவளுடைய ராத்திரிச் சோறாகவே இருந்தது. வண்டு வராமல் வேப்பிலை போட்டு, மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்துக் காப்பாற்றினாள். வருடம் திரும்பும்போது நூறு பேருக்குப் போதுமான அரிசி சேர்ந்துவிட்டது. காய்கறியை மார்க்கெட்டில் நாலு பேர் கொடுத்தார்கள். பருப்பைக் குத்புதீன் வாங்கிப் போட்டார்.

வாழை இலைதான் கிடைக்கவில்லை. ஐப்பசி மழையில் தோப்புகள் சாய்ந்து இலை விலை ஏறிவிட்டது. குத்புதீனின் மனைவி நபீசா, ஆல இலைகளைப் பறித்து வரச்செய்து, ஈர்க்குச்சி கொண்டு தைக்க உட்கார்ந்துவிட்டாள். அவளும் அஞ்சலாட்சியும் பத்து நாள் தைத்தார்கள். நபீசா ஒவ்வோர் இலையையும் இரட்டையாக வைத்துத் தைத்தாள். ரசம் ஊற்றினால் ஒழுகக் கூடாது என்பது அவள் கவலை.

சாப்பாடு போட இடம் வேண்டுமே என்று அஞ்சலாட்சி தணிகாசலத்தைப் போய்ப் பார்த்தாள். அவர் நவம்பர் முதல் தேதி நடக்கும் இணைப்பு நாள் விழாவுக்கான அந்த வட்டாரத்துக் குழுவின் செயலாளர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்று ஜனங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். புது ஆட்சியிலும் அந்த நாற்காலியிலேயே இருந்தார். தெருக்காரர்கள் பிரெஞ்சு துரைகளைக் கூப்பிட்ட பழக்கத்தில் அவரை "முசே" என்றே கூப்பிட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. வேலை நிரந்தரம் என்ற காகிதம் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் தேவைக்கு மேல் சரியாகச் செய்ய முயல்கிற மனிதராக ஆகியிருந்தார்.

மாரியம்மன் கோயில் பக்கத்து மைதானத்தில் குழு போட்டிருந்த பந்தலை அவளுக்குத் தர ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை. நாலு மணிக்கு அதிகாரி சக்கரபாணி கொடியேற்ற வருகிறார், அதற்குள் பந்தி முடிந்து இடம் கூட்டிப் பெருக்கியிருக்க வேண்டும். அஞ்சலாட்சி கையிலிருந்த தைத்த இலையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அதிகாரி வர்ற எடத்துல தச்ச எலையாம்மா? கோயில் வாசல்ல பிச்ச போடற மாதிரி இருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. தன் புருஷன் பேரில் போடும் சோற்றை வாழை இலையில் போட முடியவில்லையே என்று அவளுக்கே குறைதான். கும்பிட்டுவிட்டு வந்தாள்.

குத்புதீனையும் தணிகாசலம் கூப்பிட்டுச் சொல்லிவைத்தார். அதிகாரி காரிலிருந்து இறங்கிக் கால் ஊன்றும்போது தேசிய கீதம் தொடங்கிவிட வேண்டும். தெருமுனையில் தானே நின்று வெள்ளைத் துண்டை ஆட்டுவதாகவும், அதைக் கண்டதும் ஊசியை வைத்துவிட வேண்டும் என்றும் ஏற்பாடு. கொடியேற்றும்போது போட வேண்டிய பாட்டு அல்லவா என்று குத்புதீன் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். தணிகாசலம் கேட்கவில்லை. இருபது வருடம் அவர் பார்த்திருந்தது அதைத்தான். கவர்னர் வண்டியிலிருந்து இறங்கினால் வாத்தியம் அவர்கள் நாட்டுக் கீதத்தை முழங்கும். ஆட்சி மாறியது, பாட்டு மாறியது. மரியாதை செய்யும் முறையும் மாறியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நவம்பர் முதல் தேதி காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. சேதராப்பட்டிலிருந்து நாற்பது பேர் கட்டைவண்டிகளிலும் நடந்தும் வந்தார்கள். மழைக் காலத்தில் கூலி இல்லாத உழவு ஜனங்கள். மீதிப் பேர் நெல்லித்தோப்பிலேயே வண்டி தள்ளுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், ஆலைக் கழிவு கூட்டுகிறவர்கள். வரிசைக்கு இருபத்தைந்தாக நாலு வரிசை. நூறு தலை என்று அஞ்சலாட்சி இரண்டு தரம் எண்ணினாள்.

முதல் இலையில் கலியபெருமாள் உட்கார்ந்தார். கிருஷ்ணசாமிக்கு ஒருவகையில் பெரியப்பா முறை. பரிமாறும் முன்பு அஞ்சலாட்சி எல்லோரையும் பார்த்துக் கைகூப்பி, இது இறந்தவருடைய வேண்டுதல் என்று சொல்லிக் கேட்டுக்கொண்டாள். நூறு பேரும் நிறைவாகச் சாப்பிட வேண்டும். பாதியில் யாரும் எழுந்துவிடக் கூடாது. அதை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். இலையை விட்டு இடையில் எழுந்தவன் மறுபடி அதில் உட்காரக் கூடாது என்பதும், அப்படி எழுந்தால் சோறிட்டவரின் காரியம் குறைப்படும் என்பதும் அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"நீ போடும்மா," என்றார் கலியபெருமாள். "நாங்க எழுந்திருக்கிறது ஒன் கையிலதான் இருக்குது. நீ ஊத்தற வரைக்கும் குந்தியிருப்போம்."

சிரிப்பு எழுந்தது. சாம்பார் முடிந்து இரண்டாம் சோறு விழுந்தது. அஞ்சலாட்சி ரச வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் வரிசையில் பாதி தூரம் வந்திருந்தாள். மணி ஒன்றரை இருக்கும்.

வேறொரு தெருவில் நடக்க வேண்டிய விழா மழையால் நின்றுபோய், அதிகாரியின் கார் நேராக இங்கே வந்துவிட்டதை யார் எதிர்பார்த்தார்கள்? தெருமுனை டீக்கடையில் ஒதுங்கியிருந்த தணிகாசலம் காரைக் கண்டு ஓடிவந்தார். பந்தி நடக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. துண்டை ஆட்டினார். சாரலுக்குப் பயந்து பந்தலின் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில் கிராமபோனோடு உட்கார்ந்திருந்த குத்புதீனுக்கும் பந்தி தெரியவில்லை. அங்கிருந்து தெருமுனைதான் தெரிந்தது, பந்தியைக் கீற்றுத் தட்டி மறைத்தது. செயலாளர் பார்க்காமலா ஆட்டுவார் என்று நம்பி ஊசியை வைத்தார்.

குழாய் ஒலிபெருக்கியிலிருந்து தேசிய கீதம் தெரு முழுக்கக் கிளம்பியது.

அஞ்சலாட்சியின் கையில் வாளி கனத்தது. பந்தியில் யாருக்கும் கை அசையவில்லை. போன சுதந்திர தினத்தன்று இதே மைதானத்தில், பாட்டு நடக்கும்போது விவரம் தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்த சேதராப்பட்டு ஆட்களைத் தணிகாசலம் எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தார். நாட்டுக்கு மரியாதை தெரியாத ஜென்மங்கள் என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. எழாமல் இருக்க முடியாது. எழுந்தாலோ கிருஷ்ணசாமியின் சோறு குறைப்படும்.

அஞ்சலாட்சிக்கு அது புரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பாட்டுக்காகத்தான் அவர் வேண்டிக்கொண்டார். இந்தப் பாட்டே வந்து அதைக் கலைக்கிறதே, மாரியம்மா, நான் எங்கே தவறினேன் என்று மனசுக்குள் கேட்டாள். ஒரு வருடத்துப் பிடி அரிசியும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. நூறு பேர் எழும் சலசலப்புக் காதில் விழுந்தது. முடிந்தது என்று நினைத்தாள்.

தட்டிக்குப் பின்னால் அந்தச் சலசலப்பைக் குத்புதீனும் கேட்டார். கீற்றை விலக்கிப் பார்த்தார். பழைய பழக்கத்தில் கட்டைவிரல் தானாக ஊசிக்குப் போனது. தூக்கிவிட்டால் நின்றுவிடும். ஆனால் இந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்திய நாட்களையெல்லாம் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து அனுபவித்தவர் அவர். இன்றைக்கும் பாதியா என்று நினைத்துக் கையை மடக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

அஞ்சலாட்சி கண்ணைத் திறந்தபோது முதலில் கலியபெருமாளைத்தான் பார்த்தாள். அவர் நிமிர்ந்து நின்றிருந்தார். மார்புக்கு நேராக இரண்டு கைகளிலும் தம் இலையை ஏந்தியிருந்தார். சோறும் பொரியலும் ரசமும் இலையில் அப்படியே இருந்தன. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கு அடுத்தவர் என்று நாலு வரிசையும் இலையோடு எழுந்திருந்தது. வயசான பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாமிக்குப் படையல் கொண்டுபோகிறவர்களைப் போல ஏந்தி நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. நபீசா இரட்டையாகத் தைத்த இலைகளிலிருந்து ஒரு சொட்டு ரசம் கீழே விழவில்லை.

பந்தல் வாசலில் அதிகாரி சக்கரபாணி சாரலில் நனைந்தபடி நின்றார். பக்கத்தில் தணிகாசலமும் நின்றார். பாட்டு ஓடுகிறபோது அவரால் பேச முடியாது, கையை ஆட்ட முடியாது. கண்ணால் மட்டும் அதட்டினார். கீழே வை, கீழே வை என்று அந்தக் கண் சொன்னது. வாசலோரம் உட்கார்ந்திருந்த இராமதாஸ் என்கிற வண்டி தள்ளும் ஆள் மட்டும் அந்தப் பார்வைக்குப் பயந்து, எடுத்த இலையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டு நின்றான்.

பாட்டு முடிந்தது. முழுசாக முடிந்தது. நூறில் தொண்ணூற்றொன்பது பேர் இலையோடு உட்கார்ந்தார்கள்.

தணிகாசலம் உள்ளே பாய்ந்தார். கையைப் பக்கத்தில் வைத்து நிற்க வேண்டும் என்று போன தரமே சொல்லியிருந்தும், சோற்றை ஏந்திக்கொண்டா கீதத்துக்கு நிற்பது, அதுவும் அதிகாரி முகத்துக்கு எதிரே என்று கேட்டார். கோபத்தைவிட அவர் குரலில் பயமே மிகுதி.

கலியபெருமாள் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"போன தரம் குந்தியிருந்தோம், வஞ்சீங்க முசே. இந்தத் தரம் எழுந்துட்டோம். எலைய எப்படி வுடறது? சாப்புடறப்ப வெளக்கு அணைஞ்சிட்டா, திரும்ப ஏத்தற வரைக்கும் எலையத் தொட்டுக்கிட்டே இருப்போம். தொட்டுக்கிட்டு இருந்தா சாப்பாடு முறியல. இதுவும் அப்படித்தான்னு எடுத்துக்கிட்டேன். தப்புன்னா என்னச் சொல்லுங்க. அந்தம்மாவச் சொல்லாதீங்க."

அதற்குள் குத்புதீன் வந்துவிட்டார். பார்க்காமல் பாட்டைப் போட்டது தன் தவறு என்றார். துண்டு ஆடியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னறைக் கதவையும், கம்பளித் துணியையும், கிருஷ்ணசாமியின் வேண்டுதலையும் அதிகாரியிடம் சுருக்கமாகச் சொன்னார்.

சக்கரபாணி கடலூர்ப் பக்கத்தவர். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பந்தியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு தணிகாசலத்தை அருகே அழைத்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, ஆனால் அஞ்சலாட்சிக்குக் கேட்கும்படி சொன்னார்:

"நான் கவர்னர் இல்லிங்க. நான் எறங்கறதுக்கெல்லாம் இந்தப் பாட்டு வேணாம். கொடிக்குப் போட்டா போதும். மொதல்ல பந்தி முடியட்டும், நான் இப்படி நிக்கிறேன்."

நாற்காலி கொண்டுவரப் போனவரையும் தடுத்துவிட்டார். நூறு பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் நாற்காலி போடவேண்டாம் என்று நினைத்தார் போலும். குடையை விரித்துக்கொண்டு பந்தலுக்கு வெளியிலேயே நின்றார்.

அஞ்சலாட்சி வாளியோடு மறுபடி நடந்தாள். வாசலோரம் வந்தபோது இராமதாஸ் நின்றுகொண்டேயிருந்தான். அவன் முன்னால் பாதி உண்ட இலை கிடந்தது. உட்காரச் சொன்னாள். அவன் தலையசைத்தான்.

"எலைய வுட்டுட்டேன் அக்கா. இனிமே குந்துனா ஒனக்குத்தான் பாவம். பயந்துட்டேன்."

அவன் யாரைப் பார்த்துப் பயந்தான் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். அவர் அந்த இலையைப் பார்த்தார். நூறு என்று வேண்டிக்கொண்ட காரியம் ஒன்றில் குறைந்து நிற்கிறது. அஞ்சலாட்சி அவரை ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தில் அவர்மேல் கோபமும் இல்லை. திட்டியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். ஏழை மனுஷி ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் நிற்கும்போது மனிதனுக்குள் எது விழித்துக்கொள்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அவர் ஷூவைக் கழற்றினார். காலுறையையும் கழற்றிச் சுருட்டி அதற்குள் வைத்தார். அந்தத் தெருவில் கூலிக்காரர் பந்தியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"நான் இன்னும் சாப்புடலம்மா," என்றார். "எலை இருக்குதா?"

நபீசா ஓடிப்போய் ஓர் இலை கொண்டுவந்தாள். அது அதே தைத்த இலைதான். கலியபெருமாள் நகர்ந்து தம் பக்கத்தில் இடம் விட்டார்.

"இப்படிக் குந்துங்க முசே. யாராச்சும் கார்ல வந்தா நாங்க எழுப்பறோம்."

பந்தி முழுக்கச் சிரித்தது. வெளியே குடைக்கு அடியிலும் ஒரு சிரிப்புக் கேட்டது. தணிகாசலமும் குனிந்தபடி சிரித்துவிட்டார். சோறு, சாம்பார், மறுசோறு, ரசம், மோர் என்று ஒன்றும் விடாமல் சாப்பிட்டார். மோரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தபோது அஞ்சலாட்சி மனசுக்குள் நூறு என்று சொல்லிக்கொண்டாள். கண் கலங்கியதால் அடுத்த இலைக்கு ஊற்ற வேண்டியதைத் தரையில் ஊற்றினாள்.

இராமதாஸைப் போகவிடவில்லை. விளக்கு வைத்தால் அது வேறு வேளை, வேறு சாப்பாடு, அதுவரை இரு என்று சொல்லித் தன் வீட்டுக்கு அனுப்பினாள். சொல்லியிருந்தபடியே நாலு மணிக்குக் கொடி ஏறியது. மழையும் சற்று விட்டிருந்தது. கைகளைப் பக்கத்தில் வைத்து எல்லோரும் நின்றார்கள். இம்முறை அவள் கண்ணை மூடாமல் கேட்டாள்.

பொழுது சாய்ந்து விளக்கேற்றியபின், கிருஷ்ணசாமியின் துண்டு மடித்து வைத்திருந்த மாடத்துக்கு எதிரில் இராமதாஸுக்கு இலை போட்டாள். மத்தியானத்திலிருந்து அரைவயிற்றோடு இருந்தவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள்.

ஒலிபெருக்கியைக் கழற்ற வந்த குத்புதீன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு, கிருஷ்ணசாமிக்காக இன்னொரு தரம், இந்த வீட்டு வாசலில், கதவைத் திறந்து வைத்து அந்த இசைத்தட்டைப் போடட்டுமா என்று கேட்டார்.

அஞ்சலாட்சி இராமதாஸைப் பார்த்தாள். அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இடது கை மெல்ல இலையின் ஓரத்தைப் பிடித்தது.

"செத்த இருங்கண்ணே," என்றாள். "இவரு சாப்புட்டு முடிக்கட்டும்."

குத்புதீன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே அவள் ரசம் ஊற்றுகிற சத்தம் கேட்டது.